சர்க்கரை டப்பாவில் போட்ட கோடு

என் மகளுக்கு நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி போட்ட அன்று நான் முதலில் சந்தேகப்பட்டது எடை பார்க்கும் இயந்திரத்தை. பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு கிராம் இருந்தாள். ஒன்றரை மாதம் நான் ஒழுங்காகத் தூங்காமல், ஒழுங்காகத் தலை சீவாமல் பால் கொடுத்த பிறகு மூன்று கிலோ இருநூறு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தடுப்பூசி அட்டையில் எடைக் கோட்டுப் படத்தில் புள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். புள்ளி இருக்க வேண்டிய இடத்துக்கு நன்றாகக் கீழே இருந்தது. இயந்திரம் பழசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓசூரில் வண்டிகளுக்குப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனை மேசையில் வேலை செய்பவள். பாகம் பெட்டிக்குள் போகும் முன் அதைக் கடைசியாகத் தொடுகிற கை என்னுடையது. கீறல் இருக்கிறதா, துளை சரியாக இருக்கிறதா, அளக்கிற கருவியே சரியாக இருக்கிறதா என்று ஆறு வருடம் பார்த்திருக்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனேன். பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருந்தது. குழந்தையை நிறுக்கும் முன் அதை எடுத்து இயந்திரத்தின் மேல் வைத்தேன். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எண் ஒரு கிலோ ஐந்து கிராம் என்று காட்டியது. நர்ஸ் கோபப்படவில்லை. "அந்த அஞ்சு கிராம் பாக்கெட் கவரோடதுங்க மேடம். இப்ப பாப்பாவ வைக்கலாமா?" என்றார். வைத்தோம். ஒரு வாரத்தில் அறுபது கிராம்தான் ஏறியிருந்தாள். அத்தோடு இயந்திரத்தின் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. ஆனால் சந்தேகம் அப்படிச் சும்மா போகாது. ஒரு இடத்தை விட்டு எழுந்தால் இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தனியார் கிளினிக்கில் குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் குழந்தையைப் புரட்டிப் பார்த்தார், காய்ச்சலோ சளியோ இல்லை என்றார், இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம், ஏறவில்லை என்றால் பவுடர் பால் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கிளினிக்குக்கு ஒட்டினாற்போல் மருந்துக்கடை. கண்ணாடி அலமாரியில் பால் பவுடர் டப்பாக்கள் வரிசையாக நின்றன. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கதைதான் இது என்று என் கணவரிடம் படியிறங்கும்போதே சொன்னேன். அவர் இன்னொரு கம்பெனியில் மெஷின் பராமரிப்பில் இருக்கிறார். எதையும் அவ்வளவு சீக்கிரம் குறை சொல்லமாட்டார். "ரெண்டு வாரம் டைம் குடுத்திருக்காரே, டப்பாவ கையில குடுத்து அனுப்பலையே" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் எரிச்சல் வந்தது.

பவுடர் பால் விஷம் இல்லை. அதில் வளர்ந்த பிள்ளைகள் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அந்த நாட்களில் பார்க்கிறவர்களெல்லாம் "பால் பத்தலையோ" என்று கேட்டார்கள். எங்கள் மேசையில் குறையுள்ள பாகத்தின் மேல் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டுவோம். அதை என் நெஞ்சில் ஒட்டின மாதிரி இருந்தது எனக்கு. வெளியே வீம்பு பேசினாலும் உள்ளே பயம். குளிப்பாட்டும்போது குழந்தையின் தொடையைப் பார்ப்பேன். மற்ற குழந்தைகளுக்கு மடிப்பு மடிப்பாகச் சதை விழும் இடத்தில் இவளுக்குத் தோல் தொளதொளவென்று கிடந்தது. என் பிள்ளைக்கு நானே வயிறு நிறையக் கொடுக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டே அவசரமாகத் துண்டைச் சுற்றுவேன்.

மத்திகிரியில் வரிசை வீடுகளில் எங்களுடையது நடு வீடு. வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். தினமும் காலையில் தண்ணீர் மோட்டார் போட வரும்போது எட்டிப் பார்த்து, "மகு சண்ணக்கிதெ அல்வா" என்பார். குழந்தை ஒல்லியாக இருக்கிறதே என்று அர்த்தம். எனக்குக் கன்னடம் அரைகுறை, ஆனால் அந்த ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகிவிட்டது. அந்த அம்மாவின் கண்தான் காரணம் என்று இரண்டு நாள் நம்பினேன். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி ஏறி நான் மட்டும் இருமினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்தது.

கடைசியாகச் சந்தேகம் என் மாமியாரிடம் வந்து சேர்ந்தது.

அவர் ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கேழ்வரகும் கொள்ளும் போடுகிற மானாவாரி நிலம், இரண்டு மாடு. அதையெல்லாம் மாமனார் தலையில் கட்டிவிட்டு என் பிரசவத்துக்கு வந்தவர். என் அம்மா தேனிப் பக்கம். அப்பா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. பிரசவம் பார்க்கத் தாய் வராமல் மாமியார் வந்தது எனக்கு ஆரம்பத்திலிருந்தே உறுத்தல். அதுவும் பெண் குழந்தை. பிறந்த அன்று அவர் முகத்தில் ஏதாவது சுருக்கம் விழுகிறதா என்று படுக்கையில் கிடந்தபடியே பார்த்தேன். விழவில்லை. மறைக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யம்மா, ஒண்ணு சொல்லட்டுமா" என்று ஆரம்பித்தார். நான் முடிக்க விடவில்லை. தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, எந்த ஊர் வைத்தியமும் இந்த வீட்டில் கூடாது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். நான் சொன்னதில் தப்பில்லை. சொன்ன தொனிதான் தப்பு. அவர் "சரிம்மா" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு குழந்தையைக் குளிப்பாட்டினார், துணி துவைத்தார், எனக்குப் பூண்டுக் குழம்பு வைத்தார், தூளி ஆட்டினார். பால் கொடுக்கிற நேரத்தில் மட்டும் அறைக்குள் வரவே மாட்டார்.

பால் கொடுப்பதை நான் கம்பெனி ஒழுங்கோடுதான் செய்தேன். பீரோக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். கட்டம் போட்டு, நேரம் எழுதி, இடது, வலது என்று டிக் அடிப்பேன். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடது பக்கம் பத்து நிமிடம், வலது பக்கம் பத்து நிமிடம், போனில் அலாரம். இரண்டு பக்கமும் சமமாகப் போகவேண்டும், ஒன்றில் அதிகம் ஒன்றில் குறைவு என்று இருக்கக்கூடாது என்று எனக்கு நானே வகுத்துக்கொண்ட முறை. என் கணவர் அந்தத் தாளைப் பார்த்து, நாளைக்கே ஆடிட் வந்தாலும் நீ பாஸ் என்று கிண்டல் செய்தார். எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தும் பிள்ளைக்கு ஏறவில்லை என்றால் நடுவில் யாரோ அதன் வயிற்றை வேறு எதையோ கொண்டு நிரப்புகிறார்கள் என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது. சர்க்கரைத் தண்ணீர் குடித்த குழந்தை எப்படிப் பால் குடிக்கும்? சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். நானும் மாமியாரும் காபியில் வெல்லம் போட்டுத்தான் குடிக்கிறோம். வீட்டில் சர்க்கரை தொடுகிறவர் என் கணவர் ஒருவர், அதுவும் காலையில் ஒரு காபிக்கு. ஆனாலும் டப்பா குறைந்துகொண்டே வந்த மாதிரி இருந்தது. பேனா எடுத்து, கண்ணாடி டப்பாவின் வெளியே, சர்க்கரை நிற்கிற மட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கோட்டுக்குக் கீழே விரல் அகலம் இறங்கியிருந்தது.

கணவரிடம் சொன்னேன். எங்கம்மா அப்படிச் செய்யாது என்றார். அப்படியென்றால் சர்க்கரைக்குக் கால் முளைத்ததா என்று கேட்டேன். நேரே கேட்டுவிடு என்றார். கேட்டால் ஒத்துக்கொள்வார்களா, கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு என்றேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். டாக்டர் கொடுத்த இரண்டு வாரத்தில் ஆறு நாள் போயிருந்தது.

மறுநாள் காலையில் கணவரின் பழைய போன் ஒன்றை எடுத்தேன். திரையில் விரிசல், ஆனால் கேமரா நன்றாக வேலை செய்யும். பீரோவுக்கு எதிரே இருந்த அலமாரியில், முகப்பவுடர் டப்பாவுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டேன். தூளியும் சமையலறை வாசலும் நான் வழக்கமாக உட்காரும் பாயும் அதில் தெரியும். அத்தை, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். கடையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டவுன் பஸ் நிற்கிற இடத்தில் முக்கால் மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, கொத்தமல்லிக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பினேன். குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பிறகு துணி காயப்போடுகிற சாக்கில் அந்தப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினேன்.

வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஈரப் புடவையைத் தலைக்கு மேல் இழுத்து நிழல் செய்துகொண்டு பார்த்தேன். நான் வெளியே போனதும் மாமியார் தூளியை ஆட்டினார். ஒரு நேரம் எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் கரண்டி, கரண்டியில் வெள்ளையாகச் சர்க்கரை. மாட்டிக்கொண்டாய் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் தூளிப் பக்கம் போகவில்லை. வாசலுக்குப் போய்க் குனிந்து நிலைப்படிக்கு வெளியே கரண்டியைத் தட்டிவிட்டு வந்தார். மாடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசல் ஓரத்தில், சுவர் விரிசலுக்குப் பக்கத்தில், எறும்பு மொய்த்துக் கிடந்தது. பால் வாடைக்குத் தூளிக்கு எறும்பு ஏறுகிறது என்று முதல் வாரத்தில் நான்தான் கத்தியிருந்தேன். அதற்குத் தீனியை வெளியே வைத்து வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த மனுஷி.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் வீடியோவை நிறுத்தவில்லை. இன்னும் ஏதாவது இருக்கும் என்று ஓட்டிக்கொண்டே போனேன். அவர் வேறு எதுவும் கொடுக்கவில்லை. அப்புறம் கொத்தமல்லிக் கட்டோடு நான் உள்ளே வந்தேன்.

என்னை நானே அப்படிப் பார்த்ததில்லை. பாயில் உட்காருகிறேன், குழந்தையை எடுக்கிறேன், போனில் அலாரம் வைக்கிறேன். குழந்தை முதலில் வேகவேகமாக இழுக்கிறாள், பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறாள். கண் சொருகுகிறது, ஆனால் வாய் விடவில்லை. அலாரம் அடிக்கிறது. நான் அவள் வாயோரத்தில் விரலை விட்டுப் பிடுங்குகிறேன். பிடுங்கின பிறகும் அவள் வாய் காற்றை இழுத்துக்கொண்டிருக்கிறது. அழுகிறாள். நான் தாளில் டிக் அடித்துவிட்டு வலது பக்கம் மாற்றுகிறேன். மறுபடி அலாரம், மறுபடி பிடுங்கல். இந்தத் தடவை அவள் கை என் நைட்டியைப் பிடித்திருக்கிறது. அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுத் தோளில் போட்டுத் தட்டுகிறேன். அவள் அழுது அழுது தூங்கிப்போகிறாள். நான் அதைத்தான் இரண்டு மாதமாக வயிறு நிறைந்த தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். அலாரம் அடித்தபோது ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினார். பிறகு பீரோவில் இருந்த தாளைப் பார்த்தார். கையை இழுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாடியில் உட்கார்ந்து அழுதேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஊரில் எல்லோரையும் நிறுத்துப் பார்த்த நான், அளக்கிற கையைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸிடம் அலாரம், தாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, என் கண் முன்னால் கொடுங்கள் பார்க்கிறேன் என்றார். குழந்தையின் வாய் இன்னும் அகலமாகத் திறந்து கவ்வவேண்டும் என்று அவள் தலையைக் கொஞ்சம் நகர்த்தினார். என் கை பழக்கத்தில் போனைத் தேடியது. அவர் போனை வாங்கித் தன் மேசை மேல் கவிழ்த்து வைத்தார். "பின்னாடி வர்ற பால்லதான் கொழுப்பு அதிகம். பாப்பா அதக் குடிக்கப் போறப்பல்லாம் நீங்க புடுங்கிடறீங்க. அவளா விடட்டும் மேடம்" என்றார். பசிக்கு உதடு சப்பினாலே கொடுங்கள், இரண்டரை மணி நேரம் ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள், எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்று மட்டும் பாருங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை நிறுக்க வாருங்கள் என்றும் சொன்னார்.

அன்று அவள் இடது பக்கம் மட்டும் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் குடித்தாள். பிறகு தானாக வாயை விட்டுவிட்டு, கை இரண்டும் தொங்க, குடித்துப் போதை ஏறினவனைப் போலக் கிடந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து தாளைக் கிழித்தேன். கிழிக்கிற சத்தம் கேட்டு மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் நூறு கிராம் ஏறியிருந்தாள். நான் நம்பவில்லை. நர்ஸ் என் பையைக் காட்டி, உப்புப் பாக்கெட் கொண்டு வந்திருக்கிறீர்களா என்றார். இரண்டு வாரக் கெடு முடிந்து டாக்டரிடம் போனபோது முந்நூறு கிராம் ஏறியிருந்தது. அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, பவுடர் வேண்டாம், இப்படியே கொடுங்கள் என்றார். நான் அவரைப் பற்றிப் படியில் பேசியதெல்லாம் அவருக்குத் தெரியாது, அது என் அதிர்ஷ்டம். அலாரம் ஒன்றுதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வாய் கவ்விய விதமும் இருக்கலாம். ஆனால் இரண்டையும் செய்தவள் நான்தான்.

அன்று சாயங்காலம் மாமியார் குழந்தையின் காலை எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன், நான் பாதியிலேயே பிடுங்குவது அவருக்கு முன்னாலேயே தெரியுமா என்று.

"மூணாம் நாளே சொல்ல வந்தனே" என்றார். "ஊரு வைத்தியம் வேணான்னு சொல்லிட்ட."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

அவர் குழந்தையின் மற்ற காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சக்கர டப்பாவுல கோடு போட்டவகிட்ட நான் என்னத்தச் சொல்றது? அன்னிக்கே மூட்டையைக் கட்டியிருப்பன். இந்தக் கழுத மொகத்துக்குத்தான் இருந்தன்." குரல் உயரவில்லை. வீடியோ எடுத்ததை அப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் "வுடும்மா" என்றார். விட்டுவிட்டார் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. மகள் அதற்குள் தொடையில் இரண்டு மடிப்பு போட்டிருந்தாள். பாலைப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தேன், கேழ்வரகுக் கூழ் காய்ச்சுகிற பக்குவத்தை மாமியாரே பார்த்துக்கொண்டார். ஊருக்குப் போகவேண்டிய அவர், போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கினார். கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் வீட்டோடு எந்தத் தொடர்பும் கிடையாது. அன்று முழுக்க நான் ஒரு சந்தேகமும் படவில்லை என்று சொன்னால் அது பொய். பட்டேன். ஆனால் பட்டவுடன், போதும்டி உன் புத்தி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இன்று போய் எதையும் கேட்கக்கூடாது, டப்பாவைத் திறக்கக்கூடாது, நேரே போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று கம்பெனி பஸ்ஸில் வரும்போது முடிவு செய்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்னே ஆரம்பித்துவிட்டார். பத்து மணிக்குப் பால், அரை டம்ளர், முழுக்கக் குடித்தாள். ஒரு மணிக்குக் கூழ், நாலு ஸ்பூன், கடைசி ஸ்பூனைத் துப்பினாள். மூன்று மணிக்குப் பால். தண்ணீர் இரண்டு வாய், அதுவும் கூழுக்கு அப்புறம், காய்ச்சி ஆறவைத்தது. வேறு எதுவும் கொடுக்கவில்லை. குறையுள்ள பாகத்தைத் திருப்பி அனுப்பி விளக்கம் கேட்டால், அதைச் செய்த ஆபரேட்டர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் இப்படித்தான் நின்று ஒப்பிப்பார்கள்.

"அத்தை, நான் எதுவுமே கேக்கலையே" என்றேன்.

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா நல்லதுன்னு பாத்தன்" என்று குழந்தையை என் கையில் கொடுத்தார்.